பெல்ட் அறுவதற்கு முன்

(மீன்பிடித் தடைக்காலத்தில் நமது அறக்கட்டளை சார்பில் நடந்த படகு உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



  

அறக்கட்டளைக் கூட்டம் என்றால் கல்வி உதவி, திருமண உதவி, மருத்துவ உதவி என்று பேசுவது வழக்கம். இன்று பெல்ட் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். இடுப்பில் கட்டும் பெல்ட் அல்ல, என்ஜினில் சுற்றும் பெல்ட். நாங்கள் மெக்கானிக் அல்ல. பைத்துல்மால் கணக்கு எழுதுகிறவர்கள். அந்தக் கணக்கு நோட்டுதான் எங்களை இந்தப் பேச்சுக்கு இழுத்து வந்தது.

வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் என்ஜின் வேலைக்கான மனுக்கள் தனிக் கட்டாகவே சேர்ந்துவிட்டன. பணம் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்றுதான் இருந்தோம். ஒரு மனு வந்த பிறகுதான், "என்ஜின் ஏன் கெட்டது?" என்று உட்கார்ந்து கேட்டோம்.

அந்தப் படகு பழைய விசைப்படகு. என்ஜினும் பழையது. தடைக்காலம் முடிந்து ஆனி மாதக் கச்சான் வீசிக்கொண்டிருந்த நேரம். கிளம்புவதற்கு முந்தின நாளே டிரைவர் தம்பி சம்மாட்டியிடம், "காக்கா, செல்ப் அடிச்சதும் பெல்ட்டு விசில் அடிக்குது" என்று சொல்லியிருக்கிறார். சம்மாட்டியும் கெட்ட மனிதர் அல்ல. கையில் காசு இல்லை. "இந்த ஒரு நாள் போயிட்டு வா தம்பி, வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். நம்மில் யார்தான் அப்படிச் சொன்னதில்லை?

நடுராத்திரி, வலை இறங்கியிருக்கும்போது பெல்ட் அறுந்தது. என்ஜின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சூடு காட்டும் மீட்டர் எப்போதோ செத்துப் போயிருந்தது. என்ஜின் இழுக்க முடியாமல் திணறி, ரப்பர் தீயும் வாடையும் எண்ணெய் வாடையும் வந்த பிறகுதான் டிரைவர் கீழே எட்டிப் பார்த்தார். அதற்குள் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், என்ஜின் நின்றுவிட்டது. மாற்று பெல்ட் படகில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் பயன்பட்டிருக்காது.

கச்சான் காற்று படகைக் கிழக்கே தள்ளியது. கிழக்கே என்ன இருக்கிறது என்று பாக் நீரிணையில் தொழில் செய்யும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974இல் போட்ட எல்லைக்கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. "என்ஜின் நின்று போச்சு, காற்று தள்ளிருச்சு" என்று அந்தப் பக்கம் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? பதறிப்போன ஆட்கள் நங்கூரம் போடவே வெகுநேரம் கழித்துத்தான் நினைத்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் விடியற்காலையில் வேறொரு படகு கண்டு, கட்டி இழுத்து வந்தது.

உயிர் தப்பியது, படகு தப்பியது. ஆனால் என்ஜின் வேலைக்கு ஆன செலவு லட்சத்தைத் தாண்டியது. சீசன் தொடங்கும் நேரத்தில் படகு கரையில் கிடந்தது. அந்தப் படகை நம்பியிருந்த ஆறு வீடுகளில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல், அந்த மனுவும் எங்களிடமே வந்தது. இவ்வளவும் சில நூறு ரூபாய் பெல்ட் ஒன்றால். இரண்டு மனுக்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அன்று எங்கள் நிர்வாகிகளில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

"அஜாக்கிரதைக்கு ஏன் பொதுப்பணம்?" என்று ஒருவர் பிறகு கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எங்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. ஒரு தடவை நமது ஆம்புலன்ஸே நோயாளியை ஏற்றிப் போகும் வழியில் பெல்ட் அறுந்து நின்றிருக்கிறது. ரோட்டில் என்பதால் வேறு வண்டியைக் கூப்பிட்டோம், மெக்கானிக்கை வரவழைத்தோம். நம் வண்டிக்கே மாற்று பெல்ட் வைத்திருக்காத நாங்கள் சம்மாட்டியை எப்படிக் குறை சொல்வது? அதனால்தான் அந்த மனுவை ஏற்றோம். இந்தக் கூட்டத்தையும் கூட்டினோம்.

நம் துறையில் நாற்பது வருடம் என்ஜின் வேலை பார்த்த மூத்த மெக்கானிக்குகள் சிலரோடு உட்கார்ந்து கேட்டு எழுதியதைத்தான் இப்போது சொல்கிறோம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக என்ஜின் பார்க்க வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்.

முதலில், அந்த பெல்ட் என்ன வேலை செய்கிறது? என்ஜினின் முன்பக்கம் கிராங்க் புல்லி சுற்றுகிறது. பழைய என்ஜின்கள் பலவற்றில் அதிலிருந்து ஒரே பெல்ட் போய் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றும். தண்ணீர் பம்ப் நின்றால் என்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் நின்றுவிடும், சூடு ஏறும். டைனமோ நின்றால் பேட்டரி சார்ஜ் ஆகாது. கொஞ்ச நேரத்தில் விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாகும். சில என்ஜினில் இரண்டுக்கும் தனித்தனி பெல்ட். சிலவற்றில் கடல்தண்ணீர் இழுக்கும் பம்ப்பும் பெல்ட்டில் ஓடும், சிலவற்றில் பல்சக்கரத்தில் ஓடும். உங்கள் என்ஜினில் எந்த பெல்ட் எதைச் சுற்றுகிறது என்று இன்றே போய்ப் பாருங்கள். ஏனென்றால், அறுந்தால் என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

டைனமோ பெல்ட் மட்டும் அறுந்தால் பழைய டீசல் என்ஜின் நிற்காது. அப்போது என்ஜினை அணைக்காதீர்கள், அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வேண்டாத விளக்குகளை அணைத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். தண்ணீர் பம்ப் பெல்ட் அறுந்தால் நேர்மாறு. என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். "இன்னும் அரை மணி நேரத்தில் கரை" என்று ஓட்டினால் கரையும் வராது, என்ஜினும் மிஞ்சாது.

அறுவதற்கு முன்பே பெல்ட் நமக்குச் சொல்லும். ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சென்று கத்தும். புல்லியைச் சுற்றிக் கறுப்புப் பொடி கொட்டிக் கிடக்கும். பெல்ட்டின் இரண்டு பக்கச் சுவரும் கண்ணாடி போல மினுங்கும். உள்பக்கத்தில் குறுக்கே வெடிப்பு ஓடும். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும். இதில் ஒன்று கண்டாலும் அந்த பெல்ட்டின் ஆயுள் முடிந்தது. கத்துகிற பெல்ட்டுக்கு மெழுகு, சோப்பு, ஸ்பிரே என்று எதையும் தடவாதீர்கள். காய்ச்சல் நோயாளியின் மேல் பன்னீர் தெளிப்பது போன்றது அது. சத்தம் அடங்கும், நோய் அப்படியே இருக்கும்.

இனி, மாற்றும் முறை. கரையில், பகலில், என்ஜின் ஆறியிருக்கும்போது செய்து பழகுங்கள். முதல் தடவையே நடுக்கடலில் டார்ச் வெளிச்சத்தில் செய்யும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து டிரைவரின் பாக்கெட்டில் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். டைனமோவின் வேலையில் ஸ்பேனர் பட்டு நெருப்புப் பொறி பறக்கும் இடம் அது. லுங்கியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள், தோள் துண்டைக் கழற்றி வையுங்கள். முடிந்தால் கால்சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஓடுகிற பெல்ட்டில் லுங்கி முனை சிக்கினால் ஆளை இழுத்துவிடும். என்ஜினின் முன்னால் ஒரு தகரத் தடுப்பு இருக்க வேண்டும். வெப்பம் தாங்கவில்லை என்று கழற்றிப் போட்டவர்கள் மறுபடி மாட்டுங்கள்.

டைனமோவுக்குக் கீழே ஒரு போல்ட், அதில்தான் அது அசையும். மேலே வளைந்த பட்டையில் ஒரு போல்ட், அதில்தான் இறுக்கம் நிற்கும். இரண்டையும் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். டைனமோவை என்ஜின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தளரும், கையாலேயே கழற்றலாம். துரு ஏறி போல்ட் அசையாவிட்டால் துரு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். சுத்தியலால் அடித்துப் பட்டையை உடைத்தவர்கள் உண்டு. பட்டை உடைந்தால் பெல்ட் இருந்தும் பயனில்லை.

சில படகுகளில் கிராங்க் புல்லியின் முன்னால் வின்ச்சுக்கு இன்னொரு பெல்ட்டோ, ஒரு ஷாஃப்டோ இருக்கும். அதைக் கழற்றாமல் உள் பெல்ட்டை மாற்ற முடியாது. மூத்த மெக்கானிக் ஒருவர் இதற்குச் சொன்ன வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது. கரையில் ஷாஃப்டைக் கழற்றும்போதே ஒரு புதிய பெல்ட்டைக் கூடுதலாக உள்ளே விட்டு, சுற்றும் பாகம் எதிலும் படாமல் ஓரமாகக் கட்டி வைத்துவிடுங்கள். கடலில் அறுந்தால் ஷாஃப்டைத் தொட வேண்டியதே இல்லை. கட்டை அவிழ்த்து மாட்டினால் போதும்.

பெல்ட்டைக் கழற்றியதும் புதியதை உடனே போட்டுவிடாதீர்கள். பம்பையும் டைனமோவையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றாலோ ஆட்டம் கொடுத்தாலோ பேரிங் போயிருக்கிறது. புது பெல்ட்டையும் அது தின்றுவிடும். புல்லியின் பள்ளத்தை விரலால் தடவுங்கள். உப்புக் காற்றில் துரு பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் நைசான உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம். இந்த பெல்ட் பிடிப்பது அடிப்பக்கத்தால் அல்ல, இரண்டு பக்கச் சுவர்களால். ஆப்பு போல இறங்கித்தான் பிடிக்கும். பள்ளத்தின் அடிப்பாகம் பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியில் இடிக்கிறது, அதாவது பெல்ட்டோ புல்லியோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நேரான சட்டத்தையோ நூலையோ பிடித்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் பெல்ட் ஒரு ஓரமாகத் தேய்ந்து சீக்கிரமே அறும்.

புது பெல்ட்டைக் கையால் மாட்டுங்கள். ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பினால் உள்ளே இருக்கும் நூல் அறும். அது வெளியே தெரியாது, கடலில் தெரியும். செல்ப் அடித்துச் சுற்றவிட்டு ஏற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. விரல் போகும் வேலை அது, வேண்டவே வேண்டாம். இரட்டை பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், பாரமெல்லாம் புதியதன் மேலேயே விழும்.

பிறகு டைனமோவை வெளிப்பக்கம் இழுத்து இறுக்க வேண்டும். கட்டை கொடுத்து நெம்புவதாக இருந்தால் டைனமோவின் முன்பக்க உடலில், புல்லிக்கு அருகில் கொடுங்கள். பின்பக்க மூடியில் கொடுத்தால் உடையும். எவ்வளவு இறுக்கம்? இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் நீளமாக ஓடும் இடத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும், சூடாகும். இறங்கவே இல்லையென்றால் பம்ப், டைனமோ பேரிங்குகள் போகும். "நல்லா டைட்டா வச்சிருக்கேன்" என்று பெருமைப்படுவது இதில் பெருமை அல்ல. போல்ட்டுகளை முறுக்கி, பேட்டரி வயரை மாட்டி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி அழுத்திப் பாருங்கள். புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும். முதல் நாள் கடல் முடிந்து வந்ததும் இன்னொரு தடவை இறுக்குங்கள். புது பெல்ட் போட்டும் அறுந்தது என்பவர்களில் பலர் இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டவர்கள்தான்.

கடையில் வாங்கும்போது "லேலண்ட் பெல்ட் ஒன்னு குடுங்க" என்று கேட்காதீர்கள். என்ஜின் மாடலைச் சொல்லுங்கள், பெல்ட்டின் எண்ணைச் சொல்லுங்கள். பி 52 என்று அச்சடித்திருந்தால் பி என்பது அகல வகை, 52 என்பது உள்சுற்று அங்குலம். ஏ வகையின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், பி 17, சி 22. சிலவற்றில் 13 பெருக்கல் 1250 என்பது போல அகலமும் நீளமும் மில்லிமீட்டரிலேயே இருக்கும். எண் அழியும் முன்பே அதை என்ஜின் ரூம் பலகையில் பெயின்டால் எழுதிவையுங்கள். பழைய பெல்ட்டை அளந்து வாங்கினால் அது நீண்டுபோன அளவு என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கிய மாற்று பெல்ட்டை டீசலும் கழிவுத் தண்ணீரும் கிடக்கும் அடித்தட்டில் போடாதீர்கள். டீசலும் எண்ணெயும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மடிப்பு விழாமல் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, என்ஜின் சூடு படாத இடத்தில் தொங்கவிடுங்கள். அதே பையில் அந்த போல்ட்டுகளுக்குப் பொருந்தும் இரண்டு ஸ்பேனரும் ஒரு டார்ச்சும் இருக்கட்டும். பெல்ட் இருந்து ஸ்பேனர் இல்லாமல் தவித்த கதையும் எங்களிடம் வந்திருக்கிறது. நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டி ஓட்டி வந்த கதையும் கேட்டோம். அது அவர்கள் கெட்டிக்காரத்தனம். அதை நம்பிக் கடலுக்குப் போக முடியாது.

கடலில் அறுந்துவிட்டால் வரிசையை மனதில் பதியவையுங்கள். என்ஜினை நிறுத்து. உடனே நங்கூரம் போடு. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், நங்கூரம் பிடிக்கும். காற்று தள்ள விடாமல் காப்பது அதுதான். பிறகு பக்கத்துப் படகுக்குச் சொல்லு. வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல், போன் எடுத்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசின் 1093. அதற்குப் பிறகு என்ஜினை ஆறவிடு. சூட்டோடு தண்ணீர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். நன்றாக ஆறிய பிறகே பெல்ட்டை மாற்றி, தண்ணீர் அளவு பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

சகோதரர்களே, "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நாம் சொல்வது ஈமான்தான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழி இந்த மஜ்லிஸில் எல்லோருக்கும் தெரியும். கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகு வைப்பதுதான் தவக்குல். சம்மாட்டிக்குப் படகு சொத்து. அதில் ஏறும் ஆட்களின் உயிர் அவருக்கு அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு. தொழுகைக்கு முன் ஒளு எடுக்க யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதுபோல செல்ப் அடிப்பதற்கு முன் தடுப்பை விலக்கி பெல்ட்டை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். ஒரு நிமிட வேலை. டிரைவர் "பெல்ட் சரியில்லை" என்றால் அன்று கடலுக்குப் போகாதீர்கள். அவர் வேலைக்குச் சோம்பல்பட்டுச் சொல்லவில்லை. தன் உயிரையும் மற்றவர் உயிரையும் நினைத்துச் சொல்கிறார்.

வீட்டில் சோறு கட்டிக் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "தண்ணி எடுத்தாச்சா, மருந்து எடுத்தாச்சா" என்று கேட்கும்போது "பெல்ட்டு இருக்கா" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

நிர்வாகக் குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. இனி என்ஜின் வேலைக்கு வட்டியில்லாக் கடன் பெறும் ஒவ்வொரு படகுக்கும் அந்த என்ஜினுக்குரிய மாற்று பெல்ட் இரண்டு கடனில் சேராமல் அன்பளிப்பாகத் தரப்படும். அடுத்து, காசில்லாததால் பெல்ட் மாற்ற முடியவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் மனு எழுத வேண்டாம், கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அலுவலகத்துக்கு வந்து பெல்ட் எண்ணை மட்டும் சொல்லுங்கள். எந்த மதத்தவரானாலும், எந்தத் தெருவானாலும் இது பொருந்தும். லட்சத்தில் கடன் கொடுப்பதைவிடச் சில நூறில் அதைத் தடுப்பது பைத்துல்மாலுக்கும் லாபம், உங்களுக்கும் மானம்.

கேட்டவர்களுக்காக ஒன்று சொல்கிறோம். அந்தச் சம்மாட்டி கடனை முழுதாகக் கட்டி முடித்துவிட்டார். கடைசித் தவணை கட்ட வந்த அன்று ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு புது பெல்ட். "இத அடுத்து வர்ற ஆளுக்குக் குடுங்க" என்றார். நாங்கள் இப்போது சொன்ன திட்டம் அந்தப் பையிலிருந்து தொடங்கியதுதான்.

ஜூன் 14 நள்ளிரவோடு 61 நாள் தடை முடிகிறது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன் என்ஜின் முன்னால் போய் நில்லுங்கள். தடுப்பைக் கழற்றிப் பெல்ட்டைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கும் மூத்த மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். அவர்கள் கொண்டுவந்திருக்கும் பழைய என்ஜினில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது கழற்றி மாட்டிவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். பிரியாணி காத்திருக்கும், ஆறாது.

கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் போனபடி திரும்பி வர, நம் கரையில் யார் வீட்டு வாசலும் விடியும்வரை விளக்கோடு காத்திருக்காமல் இருக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.